சேற்றில் பிறந்த வண்டிக்கு 2 கோடியா?

ஒரு மண்வெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தேழு வருடமாக ஒரே கம்பெனி செய்து விற்ற மண்வெட்டி. விவசாயி வாங்கினார், கொத்தனார் வாங்கினார், பட்டாளத்துக்காரரும் வாங்கினார். ஒரு நாள் திடீரென்று, "இனி இதைச் செய்ய முடியாது, கட்டுப்படியாகவில்லை" என்று கம்பெனி பட்டறையை மூடிவிட்டது. சில வருடம் கழித்து அதே கம்பெனி ஊர் ஊராகப் போய்ப் பழைய மண்வெட்டிகளைத் திரும்ப வாங்குகிறது. பிடிக்குத் தோல் உறை தைத்து, இரும்புக்கு மெருகேற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "பாரம்பரிய மண்வெட்டி, விலை ஏழு மடங்கு" என்று போர்டு மாட்டுகிறது. வாங்குகிறவர் யாரும் அதை வைத்து ஒரு கூடை மண்கூட அள்ளப் போவதில்லை.

சிரிப்பு வருகிறதா? மண்வெட்டி என்பதை லேண்ட் ரோவர் டிஃபென்டர் என்று மாற்றிப் படித்தால் இது அப்படியே நடந்த கதை.

2024 அக்டோபரில் அந்தக் கம்பெனியின் 'கிளாசிக்' பிரிவு ஒரு புது வரிசையை அறிமுகப்படுத்தியது. பெயர் 'கிளாசிக் டிஃபென்டர் வி8'. 2012-இலிருந்து 2016 வரை தயாரான பழைய டிஃபென்டர்களைத் தேடி வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, 5 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜினையும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கையும் உள்ளே உட்கார வைத்து, வாடிக்கையாளர் கேட்ட பெயின்ட், கேட்ட தோல், கேட்ட தையல் எல்லாம் போட்டுத் தருவார்கள். 405 குதிரைத்திறன். ஆரம்ப விலை 190,000 பவுண்டு. அதாவது சுமார் 2 கோடி ரூபாய். ஆரம்ப விலைதான் இது. மிச்சம் பர்ஸின் கனத்தைப் பொறுத்தது.

உலகமெங்கும் கார் பத்திரிகைகள் ஆஹா ஓஹோ என்று எழுதின. "ஜாம்பவான் திரும்பி வந்துவிட்டான்" என்கிற ரீதியில். யார் திரும்பி வந்தது, யாருக்காகத் திரும்பி வந்தது என்று கேட்க ஆள் இல்லை.

பிறந்த கதை

இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் இப்போது நடக்கிற கூத்து எவ்வளவு பெரியது என்று புரியும்.

1947. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருடம். பிரிட்டன் ஜெயித்துவிட்டது, ஆனால் கஜானா காலி. எஃகுக்கு ரேஷன். ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி கொண்டு வருகிற கம்பெனிக்குத்தான் எஃகு என்று அரசாங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ரோவர் கம்பெனியோ போருக்கு முன் நடுத்தர, மேல்தட்டு மக்களுக்கு சொகுசுக் கார் செய்து கொண்டிருந்த கம்பெனி. அந்தக் கார்களை அந்த நேரத்தில் வாங்க ஆள் ஏது?

ரோவரின் தலைமை வடிவமைப்பாளர் மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் பண்ணை இருந்தது. அங்கே வேலை பார்த்துக் கொண்டிருந்தது ராணுவம் கழித்துப்போட்ட ஓர் அமெரிக்க வில்லிஸ் ஜீப். அது பழுதானால் மாற்றுக்கு வேறு ஒன்று கிடையாது. அப்படியானால் நாமே ஒன்று செய்தால் என்ன? ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் வில்க்ஸ் அந்த வண்டியின் படத்தை வரைந்து தன் அண்ணன் ஸ்பென்சரிடம் காட்டினார் என்பது லேண்ட் ரோவர் ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. ஸ்பென்சர்தான் கம்பெனியின் நிர்வாக இயக்குநர்.

முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. ஸ்டியரிங் நடுவில்! டிராக்டர் மாதிரி. எஃகு கிடைக்காததால் உடம்புக்கு அலுமினியக் கலவை. அச்சு வார்ப்புச் செலவைக் குறைக்கத் தட்டையான தகடுகள், நேர்கோடுகள். பச்சை நிறம்கூட ரசனையால் வந்ததல்ல. போர் விமானங்களுக்கென்று வாங்கி மிச்சமான பெயின்ட். இன்ஜினிலிருந்து சக்தியைப் பட்டை போட்டு வெளியே எடுத்து மரம் அறுக்கலாம், கதிரடிக்கலாம்.

1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியானது. 1.6 லிட்டர் இன்ஜின், 50 குதிரைத்திறன். விலை 450 பவுண்டு. அன்றைய மதிப்பில் 6,000 ரூபாய். கதவு, உபரிச் சக்கரம் மாதிரியான சாமான்களுக்குக்கூட முதலில் தனிக் காசு. பணவீக்கத்தை எந்தக் கணக்கில் போட்டாலும் அந்த 450 பவுண்டு இன்றைய 25,000 பவுண்டைத் தாண்டாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இன்று 'காலத்தால் அழியாத வடிவம்' என்று கவிதை பாடப்படுகிற ஒவ்வொரு அம்சமும் அன்று இல்லாமையில் பிறந்தது. தட்டைத் தகடு, அலுமினியம், பச்சை நிறம் எல்லாமே "கையில் இருப்பதை வைத்துச் சமாளி" என்பதன் விளைவு. ஏழை வீட்டுக் கூழை நட்சத்திர ஹோட்டலில் வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி ஆயிரம் ரூபாய்க்கு விற்பார்களே, அந்த வகையறா வியாபாரம்தான் இன்று நடக்கிறது.

பெயர் வாங்கிக் கொடுத்தது யார்?

லேண்ட் ரோவருக்குப் பெயர் வந்தது விளம்பரத்தால் அல்ல. ஸ்காட்லாந்தில் ஆடு மேய்த்தவர், கென்யாவில் கால்நடை மருத்துவம் பார்த்தவர், ஆஸ்திரேலியாவில் கம்பி வேலி போட்டவர், செஞ்சிலுவைச் சங்கத்து ஓட்டுநர் என்று உழைத்தவர்கள்தான் அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். ஸ்பானரும் சுத்தியலும் இருந்தால் வழியிலேயே பிரித்துப் பூட்டலாம். பானெட்டைத் திறந்தால் என்ன எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் போதும். 1955 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். ஆறு பேருக்கும் வயது இருபதுகளில். கையில் காசு இல்லை. கம்பெனிகளைக் கெஞ்சிக் கூத்தாடிச் சாமான் சேகரித்தார்கள். அப்போது பிபிசியில் இருந்த இளைஞர் டேவிட் அட்டன்பரோ படம் எடுக்க ஃபிலிம் சுருள் கொடுத்தார். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா என்று வந்து, அசாமின் லெடோ சாலை வழியாக பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச் 6-ஆம் தேதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தை டிம் ஸ்லெஸர் புத்தகமாக எழுதினார். அதில் போன ஒரு வண்டி பல கைகள் மாறி, அட்லாண்டிக் கடல் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் கிடந்தது. அதை மீட்டுப் பழுது பார்த்து, 2019-இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓட்டியும் விட்டார்கள்.

ஆறு மாணவர்கள்! இன்று எந்த ஊரிலாவது ஆறு மாணவர்கள் காசு சேர்த்து 190,000 பவுண்டு வண்டியில் பாலைவனத்தைத் தாண்டுவார்களா? அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலே மாரடைப்பு வரும்.

மூடுவிழா அன்றே திறப்புவிழா

1990-இல்தான் 'டிஃபென்டர்' என்ற பெயர் வந்தது. வடிவம் அதேதான். 2016 ஜனவரி 29-ஆம் தேதி சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. வரிசை எண் 2,016,933. இருபது லட்சத்துக்கும் மேல். பணியில் இருந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எழுநூறு பேருக்கு மேல் கூடி வழியனுப்பினார்கள்.

ஏன் நிறுத்தினார்கள்? புகைக் கட்டுப்பாட்டு விதிகள், பாதுகாப்பு விதிகள், கையால் பூட்டுகிற செலவு. இவை பொய்யான காரணங்கள் அல்ல. அந்த வண்டியில் கடைசி வரை ஏர்பேக் கிடையாது. பாதசாரி மேல் மோதினால் மெத்தென்று மடங்குகிற முன்பக்கமும் கிடையாது. வயதாகிவிட்டது, போகட்டும் என்று கண்ணீரோடு விட்டுவிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் நடந்தது என்ன? கடைசி வண்டி வெளியே வந்த அதே நாளில், அதே சோலிஹல் வளாகத்தில், பழைய லேண்ட் ரோவர்களைப் புதுப்பித்து விற்கிற திட்டத்தைக் கம்பெனி அறிவித்தது. சாவு வீட்டில் பந்தல் பிரிப்பதற்குள் அடுத்த விசேஷத்துக்கு வாழை மரம் கட்டிவிட்டார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரலிலேயே 'சீரிஸ் ஒன் ரீபார்ன்' வந்துவிட்டது. 25 வண்டி. விலை 60,000 பவுண்டுக்கு மேல்.

அப்புறம் படிப்படியாக ஏறிய ஏணியைப் பாருங்கள்.

2018: எழுபதாம் ஆண்டு விழா. 'டிஃபென்டர் ஒர்க்ஸ் வி8'. 150 வண்டி. 150,000 பவுண்டிலிருந்து.

2021: 'டிராபி' எடிஷன். 25 வண்டி. 195,000 பவுண்டு. வாங்குகிறவருக்கு மூன்று நாள் 'சாகசப் பயணம்' இலவச இணைப்பு. (சோப்பு வாங்கினால் டம்ளர் கொடுப்பார்களே, அது போல.)

2022: 'டிராபி 2'. மறுபடியும் 25. விலை 225,000.

2023: 'ஐலா' எடிஷன். 30 வண்டி. 230,000 பவுண்டிலிருந்து.

இந்தக் கடைசி விஷயம் கொஞ்சம் விசேஷம். ஐலா என்பது ஸ்காட்லாந்தில் ஒரு தீவு. விஸ்கிக்குப் பேர் போனது. ஸ்பென்சர் வில்க்ஸுக்கு அங்கே எஸ்டேட் இருந்தது. அதனால் இந்த எடிஷனில் விஸ்கிப் பீப்பாயின் ஓக் மரத்துண்டை எடுத்து உள்ளே அலங்காரமாகப் பதித்தார்கள். சாராயப் பீப்பாயின் பலகை! 1948-இல் உபரிச் சக்கரத்துக்கே தனிக் காசு கேட்ட வண்டிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

டிஃபென்டரின் கடைசி வருடங்களில் ஒரு சாதாரண சிறிய டிஃபென்டர் 25,000 பவுண்டு சுற்றுவட்டாரத்தில் கிடைத்தது. அதோடு ஒப்பிட்டால் 2024-இன் விலை ஏழு மடங்குக்கும் மேல். முதலில் சொன்ன மண்வெட்டிக் கணக்கு இதுதான்.

காமர்ஸ் பாடம்

பி.காம் முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. இயந்திரத்தை வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு வருடா வருடம் குறையும், அதைக் கணக்கில் காட்ட வேண்டும். லாரியோ தறியோ எதுவானாலும் உழைத்துத் தேய்வதுதான் அதன் வேலை. டிஃபென்டர் அந்தப் பாடத்தையே தலைகீழாகப் புரட்டிவிட்டது. உழைக்காமல் இருந்தால் மதிப்பு ஏறும், உழைத்தால் குறையும். ஒரு கருவி எப்போது உழைப்பதை நிறுத்தி மதிப்பில் மட்டும் ஏறத் தொடங்குகிறதோ அப்போது அது கருவி அல்ல, நகை.

விலை ஏறினால் தேவை குறையும் என்பது பொது விதி. விலை ஏறுவதாலேயே தேவை கூடுகிற சரக்குகளும் உண்டு. அவற்றுக்கு தார்ஸ்டீன் வெப்லன் என்ற பொருளாதார அறிஞரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பணக்காரர்கள் உபயோகத்துக்காக மட்டும் செலவு செய்வதில்லை, ஊர் பார்ப்பதற்காகவும் செலவு செய்கிறார்கள் என்று அவர் 1899-லேயே புத்தகம் போட்டார். வைரம், கைக்கடிகாரம், கைப்பை எல்லாம் அந்த ரகம். அவை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வைரம் ஒருபோதும் "நான் ஆடு மேய்க்கப் போகிறேன்" என்று விளம்பரம் செய்ததில்லையே!

இங்கேதான் அசல் கோபம். கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விலை உண்டு. லேண்ட் ரோவரின் நற்பெயரை உண்டாக்கியது சேற்றில் மாட்டிக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தள்ளியவர்கள். அந்தச் சேற்றின் படத்தைத்தான் இன்றைய விளம்பரத்திலும் காட்டுகிறார்கள். லாபம் கம்பெனிக்கு, பெருமை வாங்கியவருக்கு. சேற்றில் நின்றவருக்கு என்ன? அவர் பாவம், பிரிட்டிஷ் விவசாயி, இன்று ஜப்பான் பெயர் போட்ட பிக்கப்பில் போய்க் கொண்டிருக்கிறார்.

"அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?"

இப்படிக் கேட்பவர்கள் மூன்று வாதங்களை வைப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம்: "மொத்தமே சில நூறு வண்டிதான். பணக்காரர் பொழுதுபோக்கு. உனக்கு ஏன் வயிற்றெரிச்சல்?"

எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் ஒரு கம்பெனியே நின்று "பழைய டிஃபென்டரின் உச்ச விலை இது" என்று சொல்லும்போது, சந்தையில் உள்ள ஒவ்வொரு பழைய டிஃபென்டரின் விலையும் அதைப் பார்த்துத்தான் நகரும். அந்த வண்டியை இன்னமும் வைக்கோல் ஏற்ற வைத்திருக்கிறவர் நிலைமை என்ன? உற்பத்தி நின்ற பிறகு டிஃபென்டர் திருட்டு அதிகரிக்கிறது என்று பிரிட்டனில் விவசாயிகளுக்குக் காப்பீடு செய்கிற என்எஃப்யு மியூச்சுவல் எச்சரித்தது. கதவையும் பானெட்டையும் மட்டும் கழற்றிக்கொண்டு போகிற திருடர்களும் உண்டு. வண்டியைக் களத்து மேட்டில் நிறுத்திவிட்டுத் தூங்கிய மனிதர் இப்போது சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டியிருக்கிறது. நஷ்டம் அவருக்கு.

தவிர, இந்த எடிஷன்களுக்கு மூலப்பொருள் எது? ஓடிக் கொண்டிருக்கிற, 2012-க்குப் பிறகு வந்த, நல்ல ஆயுள் மிச்சம் இருக்கிற வண்டிகள். வேலை செய்ய வேண்டிய வயதில் இருக்கிற வண்டியைப் பிடித்துக் கண்காட்சிக்கு அனுப்புகிறார்கள்.

இரண்டாவது வாதம்: "சட்டம் விடவில்லை. இன்றைய விதிகளுக்குப் பழைய வண்டியை யாராலும் மலிவாகச் செய்ய முடியாது."

இது பாதி உண்மை. அந்தப் பாதிக்குள் ஒரு குறும்பும் ஒளிந்திருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இந்த வி8 புது வண்டி அல்ல, ஏற்கெனவே பதிவான பழைய வண்டி. அதனால் இன்றைய புது வண்டி விதிகள் அதைத் தொடுவதில்லை. புகை அதிகம் என்று நிறுத்தின வண்டிக்குள் 5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போகிறது! சட்டம் விவசாயியின் டீசல் வண்டியைத் தடுத்தது, கோடீஸ்வரரின் வி8-ஐ விட்டுவிட்டது. விதியைக் காரணம் காட்டி நிறுத்தியவர்களே விதியின் சந்து வழியாக அதே வண்டியை ஓட்டி வருகிறார்கள்.

மிச்சப் பாதி பொய். முடியாது என்பதற்கு ஜப்பானில் பதில் இருக்கிறது. டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 வரிசை 1984-இல் வந்தது. டிஃபென்டர் மாதிரியே கட்டம் கட்டமான உழைப்பாளி வண்டி. ஜப்பானில் 2004-இல் விற்பனை நின்றது, வெளிநாடுகளில் தொடர்ந்தது. முப்பதாம் ஆண்டுக்காக 2014-இல் ஒரு வருடம் மட்டும் ஜப்பானில் மீண்டும் விற்றார்கள். 2023 நவம்பரில் ஒரேயடியாகத் திரும்பக் கொண்டு வந்தார்கள். டீசல் இன்ஜின், இன்றைய பாதுகாப்புச் சாதனங்கள். விலை 48 லட்சம் யென். சுமார் 27 லட்சம் ரூபாய். விஸ்கிப் பீப்பாய் எல்லாம் கிடையாது. தொண்டு நிறுவனங்களுக்கென்றே இந்த வண்டிகளைச் சித்தப்படுத்தி அனுப்புகிற டொயோட்டா மையம் ஜிப்ரால்டரில் இருக்கிறது. லேண்ட் ரோவர் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறதா?

இந்தியாவிலேயே பார்க்கலாம். லேண்ட் ரோவருக்குத் தாத்தாவான அதே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித்தான் மகிந்திராவும் 1940-களின் கடைசியில் மும்பையில் வண்டித் தொழிலுக்குள் வந்தது. அந்தப் பரம்பரையில் வந்த தார், 2020 அக்டோபர் 2-ஆம் தேதி புது அவதாரத்தில் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை 9.80 லட்சம். அடுத்த மாதமே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. தாரிலும் ஸ்டைலுக்காக வாங்குகிறவர்கள் கூட்டம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டச்சட்டமான முகம், தனி அடிச்சட்டம், நான்கு சக்கர இயக்கம், இன்றைய விதிகள், எட்டுகிற விலை, இவை ஐந்தும் சேர்ந்து வர முடியும் என்று அது நிரூபித்துவிட்டது.

மூன்றாவது வாதம்: "பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறார்கள். பழைய கைவினைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது."

இதில் மரியாதை கொடுக்க வேண்டிய விஷயம் உண்டு. கவன்ட்ரி பக்கத்தில் உள்ள அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் கைத்திறன் சாதாரணமல்ல. அவர்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் பாரம்பரியம் எது? தகடா, தகட்டை வைத்துச் செய்த வேலையா? 1948-இன் 'சீரிஸ் ஒன்' ஒன்றை அது பிறந்தபடியே, அதே 50 குதிரைத்திறனோடு மீட்டெடுத்தால் அது பாதுகாப்பு. பழைய ஓட்டுக்குள் பந்தய இன்ஜினைத் திணித்து, தோல் போர்த்தி, நூற்றைம்பது பேருக்கு மட்டும் என்று நம்பர் பலகை அடித்தால் அது மாறுவேடம். கோயில் தேரைப் புதுப்பிப்பது வேறு, தேர்ச் சக்கரத்தைக் கழற்றி வரவேற்பறையில் டீப்பாய் ஆக்குவது வேறு.

வடிவம் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கதையில் இன்னொரு பாத்திரம் உண்டு. ஜிம் ராட்கிளிஃப், ஐனியோஸ் என்ற ரசாயனக் கம்பெனியின் பெரும் பணக்காரர். டிஃபென்டர் நிற்கப் போகிறது என்றதும், "உங்களுக்கு வேண்டாம் என்றால் எனக்குக் கொடுங்கள், நான் செய்கிறேன்" என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். சரி, நானே அதே மாதிரி ஒன்று செய்கிறேன் என்று கிளம்பினார். அந்த யோசனை பிறந்த லண்டன் மதுக்கடையின் பெயரையே வைத்து 'கிரெனடியர்' என்றார்.

லேண்ட் ரோவர் கம்பெனியோ, அந்த வடிவமே எங்கள் வணிகச் சின்னம் என்று பதிவு செய்யப் போனது. 2019-இல் பிரிட்டிஷ் அறிவுசார் சொத்து அலுவலகம் அதை ஏற்கவில்லை. மேல்முறையீட்டிலும் 2020 ஆகஸ்டில் தோல்வி. நிபுணர்களுக்கு வித்தியாசம் தெரியலாம், சாதாரண வாடிக்கையாளருக்கு அந்த வடிவம் தனித்துவமான அடையாளம் ஆகாது என்பதுதான் முடிவின் சாரம்.

ராட்கிளிஃபையும் தியாகி ஆக்க வேண்டியதில்லை. பிரெக்ஸிட்டை ஆதரித்த அந்த மனிதர், வேல்ஸில் தொழிற்சாலை கட்டுவதாக 2019-இல் அறிவித்துவிட்டு, மறு வருடமே பிரான்சில் ஒரு தயார் தொழிற்சாலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிரெனடியரின் விலையும் ஏழை விவசாயிக்கு எட்டுவதல்ல. ஆனால் அவர் ஒரு விஷயத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினார். தானும் செய்யமாட்டேன், அடுத்தவரையும் செய்யவிட மாட்டேன் என்பது கம்பெனியின் நிலைப்பாடு. வைக்கோல் போரில் படுத்த நாய் கதை நினைவுக்கு வருகிறதா? அந்த நாயாவது வைக்கோலை டிக்கெட் போட்டு விற்கவில்லை.

கடைசியாக, டாடாவுக்கு

2008-இல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது டாடா மோட்டார்ஸ். இந்தியாவில் அன்று எவ்வளவு பெருமைப்பட்டார்கள்! ஆண்டவன் வண்டியை ஆளப்பட்டவன் வாங்கிவிட்டான் என்று. அந்தப் பெருமைக்கு ஒரு பொறுப்பும் உண்டு. 2016-இல் டிஃபென்டரை நிறுத்திய கையொப்பமும் டாடா வீட்டுக் கையொப்பம்தான், 2 கோடி ரூபாய் விலைச்சீட்டும் டாடா வீட்டு விலைச்சீட்டுதான்.

2023-இல் கம்பெனி தன்னை நான்கு பிராண்டுகளாகப் பிரித்துக்கொண்டது: ரேஞ்ச் ரோவர், டிஃபென்டர், டிஸ்கவரி, ஜாகுவார். லேண்ட் ரோவர் என்ற தாய்ப் பெயர் ஓர் ஓரத்து முத்திரையாகிவிட்டது. நிலத்தைச் சுட்டும் 'லேண்ட்' என்ற சொல்லையே ஓரங்கட்டிய பிறகு, நிலத்தில் உழைப்பவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஸ்லோவாக்கியாவில் தயாராகிற புது டிஃபென்டர் திறமையான வண்டிதான். ஆனால் 2024-இல் வந்த அதன் 'ஆக்டா' ரகம் 145,000 பவுண்டைத் தாண்டியது. போகிற பாதை தெளிவாகத் தெரிகிறது.

லாபம் பார்க்கக் கூடாது என்று எந்த காமர்ஸ் மாணவனும் சொல்ல மாட்டான். குறைந்த எண்ணிக்கை, அதிக லாபம் என்பது ஒரு வியாபார வழி. அதைத் தேர்ந்தெடுக்கக் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, ஓடிக்கொண்டிருக்கிற லட்சக்கணக்கான பழைய வண்டிகளுக்கு உதிரி பாகங்களை நியாய விலையில், பல காலத்துக்குத் தருவோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். பாரம்பரியத்தைக் காப்பாற்ற இதைவிட நேர்மையான வழி இல்லை. இன்னொன்று, நகைக் கடை வைத்தால் நகைக் கடை என்று போர்டு மாட்ட வேண்டும். மேய்ப்பரின் படத்தையும் செஞ்சிலுவை ஓட்டுநரின் படத்தையும் காட்டி, அவர்களால் தொடக்கூட முடியாத சரக்கை விற்பது நேர்மையான வியாபாரம் அல்ல.

மாரிஸ் வில்க்ஸ் மணலில் வரைந்த படத்தை அன்றைக்கே அலை அழித்திருக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வண்டி பிறந்து உழைக்கப் போய்விட்டது. இப்போது வண்டி போய்விட்டது, படத்துக்கு மட்டும் சட்டம் போட்டு மாட்டி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் மழை பெய்து, பாதை அறுந்து, மலை மேல் ஒரு கர்ப்பிணிப் பெண் காத்திருக்கும் ராத்திரியில், போய்க் கூட்டி வர யாரும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது.